ஒரே பெயர், இரண்டு முகவரி

இயக்குநருக்கு வரும் மின்கடிதங்களை அவருடைய கார் டிரைவர் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்குப் பகீரென்றது.

எந்தத் தப்பையும் சலித்து எடுத்துவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'சல்லடை' என்று பெயர். நாலாயிரம் ஊழியர்களின் பெயர், பிரிவு, மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் பழைய பட்டியலிலிருந்து புதிய மென்பொருளுக்கு மாற்றும் பொறுப்பை அதனால்தான் அவளிடம் கொடுத்திருந்தார்கள். புதியதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் மாறாது.

பழையதில் மாறியிருந்தது. இயக்குநருக்கும் டிரைவருக்கும் ஒரே பெயர். டிரைவர் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால், பெயரை அடித்தால் அவர் முகவரிதான் முதலில் வரும்.

பெரிய அதிகாரிகளுக்கு இயக்குநரின் தனி முகவரி தெரியும். பெயரைத் தேடி எழுதியவர்கள் எல்லாம் சாதாரண ஊழியர்கள். அப்படி நூற்றுப் பதினேழு கடிதங்கள் வழி தவறிப் போயிருந்தன. ஒன்றைக்கூட டிரைவர் திருப்பி அனுப்பவில்லை. அத்தனையையும் திறந்து படித்திருந்தார்.

ஆளைக் கூப்பிட்டனுப்பினாள். நனைந்த மழைக்கோட்டைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"அடுத்தவங்களுக்கு வந்த கடிதத்தைப் படிக்கலாமாண்ணே?"

"படிச்சது தப்புதாம்மா."

அவர் மழுப்பவில்லை. முதல் கடிதம் வந்தபோது அதை அச்சடித்துக் கொண்டுபோய் இயக்குநரின் செயலாளரிடம் கொடுத்தாராம். அவர் மேசையோரத் தட்டில் போடச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போட்டது போட்டபடி கிடந்தது. கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டு எழுதியவர், அதற்குள் வேலையையே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"அதுக்கப்புறம் தட்டை நம்பலைம்மா. காலையில கார்ல வரும்போது ஐயா போன் பேசாத நேரம் ஒரு பத்து நிமிஷம் கிடைக்கும். அப்ப, இன்னார் இந்த மாதிரி கஷ்டத்துல இருக்காங்கன்னு சொல்லிடுவேன். காது கொடுத்துக் கேப்பார். பாதிக்கு மேல சரின்னுதான் சொல்லியிருக்கார்."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இயக்குநர் ஒருநாளும் கேட்டதில்லையாம். இவரும் சொன்னதில்லை.

மனசு நல்ல மனசுதான். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. விஷயம் மேலே போனால் வேலை நிலைக்காது என்று சொன்னாள். தெரியும் என்று தலையாட்டினார்.

கதவு வரை போனவர் திரும்பினார்.

"முகவரியைச் சரி பண்ணிடுங்கம்மா, அது உங்க வேலை. ஆனா இனிமே வர்றதை யாராவது அவருக்கு வாசிச்சுக் காட்டணும். அவரா திறந்து பாக்க மாட்டார்."

அவள் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். வழி தவறியவை யார் யாருடைய கடிதங்கள் என்று பட்டியல் இணைக்க வேண்டும். கேட்ட மறுநிமிஷம் மென்பொருள் நூற்றுப் பதினேழு பெயர்களையும் கொட்டியது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தவளின் விரல், எழுபதுக்குச் சற்றுக் கீழே ஒரு வரியில் நின்றுவிட்டது.

அவள் பெயர்.

போன வருஷம் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மூன்று மாதம் அங்கிருந்தபடியே வேலை செய்கிறேன் என்று இயக்குநருக்கு எழுதிக் கேட்டிருந்தாள். பதில் வரும் என்ற நம்பிக்கை அவளுக்கே இல்லை. மூன்றாம் நாள் அனுமதி வந்துவிட்டது.

பாதி எழுதிய அறிக்கையை அழித்தாள்.

கடிதம் சரியான முகவரிக்குத்தான் போயிருக்கிறது. அனுமதி கிடைத்ததற்காகப் பூங்கொத்தும் கையுமாக இயக்குநரின் அறைக்கே போய் அவள் சொல்லிவிட்டு வந்த நன்றிதான் ஆள் மாறிப் போய்விட்டது.