இரண்டு வயது இளையவன்

ஞானமுத்து எறிந்த இரும்புக் குண்டு விழுந்த இடத்தில் மண் தெறித்தது.

அவர் வீசியதைவிட ஒரு சாண் தள்ளி.

இந்த வருடம் ஒரு சாண். போன வருடம் ஒன்றரை. மாவட்ட மூத்தோர் விளையாட்டில், அறுபத்தைந்திலிருந்து அறுபத்தொன்பது வயது வரையிலான பிரிவில், மூன்று வருடமாகத் தங்கம் ஞானமுத்துவுக்கு. வெள்ளி அவருக்கு.

வெள்ளியைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரிந்தது.

முப்பத்திரண்டு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர் அவர். குண்டைக் கழுத்தோடு எப்படி அணைப்பது, எந்தக் காலை ஊன்றித் தள்ளுவது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஞானமுத்து நூற்பாலையில் பஞ்சுப் பொதி தூக்கி ஓய்வு பெற்றவன். முறையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் குண்டு அவன் பேச்சைத்தான் கேட்கிறது.

அறுபத்தைந்தில் அவருக்குத் தொடை சூம்பத் தொடங்கியது. வயதானால் தசை கரையும், பாரம் தூக்க வேண்டும், புரதம் தின்ன வேண்டும் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் டம்பெல்ஸ் தூக்குவது. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து நாற்பது தடவை எழுந்திருப்பது. சைவ வீடு. அதனால் பயறு, பால், பனீர்.

தொடை இறுகியது. புஜம் திரண்டது.

அந்த ஒரு சாண் மட்டும் வரவில்லை.

"அவன் முட்டையா முழுங்குதான்," என்பார் மனைவியிடம். "அதோட என்னைவிட ரெண்டு வயசு எளையவன். இந்த வயசுல ரெண்டு வருசம்னா சும்மாவா?"

மனைவி ஆமாம் என்பாள். அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அடுத்த வருடம் அவருக்கு எழுபது. பிரிவு மாறும். குண்டும் ஒரு கிலோ குறையும். அங்கே இருப்பவர்களை அவருக்குத் தெரியும். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்குக் கண்புரை. ஞானமுத்து அங்கே வந்து சேர அதற்குமேல் இரண்டு வருடம் ஆகும்.

இரண்டு வருடம். இரண்டு தங்கம்.

எழுபது எப்போது வரும் என்று ஏங்குகிற ஆள் ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஞானமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

"சார், ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்கு எழுபது ஆயிட்டு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப, தலைக்கு மேல கையச் சுத்திக் காதத் தொடச் சொன்னாவ. எனக்கு எட்டல. மூணு வருசம் திருப்பி அனுப்பிட்டாவ. எட்டு வயசுலதான் தொட்டேன். பெரிய வாத்தியார் அஞ்சுன்னு எழுதிட்டாரு."

அப்படியானால் இளையவன் இல்லை. அவரைவிட ஒரு வயது மூத்தவன்.

காது எட்டாத கைதான் இத்தனை வருடமாக அவரைத் தோற்கடித்திருக்கிறது.

ஏமாற்றி ஜெயித்தான் என்றாவது சொல்ல முடிந்தால் தேவலை. அதற்கும் வழியில்லை. வயது குறைந்ததில் நட்டம் அவனுக்குத்தான்.

"கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துல சரியான தேதி இருக்கு. ஃபாதர்ட்ட எழுதி வாங்கிட்டேன். இன்னைக்குக் குடுத்தா அடுத்த வருசம் எழுபதுல சேத்துருவாவளாம். இன்னைக்குத்தான் கடைசி."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நீங்க அங்க போயிருவீங்கள்லா? நீங்க இல்லாம இங்க நான் யாரு கூட சார் போட?"

ஒலிபெருக்கி ஞானமுத்துவைக் கூப்பிட்டது. மூன்றாவது வீச்சு.

அவன் காகிதத்தை அவர் கையில் வைத்தான்.

"அந்த மேசையில குடுத்துருங்க சார்."

கையை ஊன்றாமல் விருட்டென்று எழுந்து போனான்.

அவர் காகிதத்தைப் பிரித்தார். முத்திரை, கையெழுத்து, தேதி. எல்லாம் சரியாக இருந்தன.

மேசை இருபது அடி தூரம். செயலாளர் தேநீர் குடித்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் காகிதத்தை நான்காக மடித்தார்.

எட்டாக மடித்தார்.

குனிந்து, காலுறைக்குள் செருகினார்.

ஞானமுத்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"குடுத்துட்டீங்களா சார்?"

"ம்."

அவன் பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தான். ஒன்றில் முட்டை. இன்னொன்றைத் திறந்து அவர் மடியில் வைத்தான். கறுப்புக் கொண்டைக்கடலை, தேங்காய் தூவி.

"ஒங்களுக்குன்னு புதுச் சட்டியில அவிக்கச் சொன்னேன். முட்டை படல. சாப்பிடுங்க சார். அடுத்த வருசம் ரெண்டு பேருக்கும் பலம் வேணும்லா."

அவர் ஒரு கடலை விடாமல் தின்றார்.