எதிரெதிரே ஓடியவர்கள்

ஜவுளிக்கடை முதலாளி அவசர வழிக்கென்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய பச்சைப் பலகைகள் இரண்டு. ஒன்றில் இடப்பக்கம் ஓடும் மனிதனின் வெள்ளைப் படம், இடத்தான்; மற்றதில் வலப்பக்கம் ஓடும் வலத்தான். எலக்ட்ரீஷியன் இடம் மாற்றி மாட்டிவிட, மாடியின் இரு கோடிப் படிக்கட்டுகளிலிருந்தும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடினார்கள்.

"இன்னும் பத்தே அடிதான், வந்துட்டேன்!" என்பான் இடத்தான் தினமும்.

தீயணைப்பு ஒத்திகையன்று, பலகைகளை நம்பி ஓடிய கூட்டம் நடுவில் முட்டிக்கொண்டு நின்றது. உடனே சரியான கோடிகளில் மாட்டுவதற்காகப் பலகைகளைக் கழற்றினார்கள். எலக்ட்ரீஷியனின் கக்கத்தில் இருவரும் ஒரு நிமிஷம் ஒட்டிக்கிடந்தார்கள்.

"இனி முதுகுக்கு முதுகுதானாடா?" என்றான் வலத்தான்.

"ரெண்டு படியும் ஒரே தெருவுலதானே இறங்குது? அங்கே நில்லு, வந்துடறேன்."

தூக்கிய காலை இடத்தான் இன்னும் கீழே வைக்கவில்லை.