கடலை உருண்டைப் பார்சல்

நாகல் நகர் சபிஹா, கோயம்புத்தூரிலிருக்கும் தோழி பிரிசில்லாவுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரமாகக் கடலை உருண்டை பிடித்து, உடையாமல் டப்பாவில் அடுக்கி, கூரியரில் போடும்படி, தன் கடைக்குக் கிளம்பிய கணவர் பக்ருதீனிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் இன்னொரு தோழி போனில், “பிரிசில்லா மகனுக்குக் கடலை ஆகாதுடி. போன மாசம் தின்னு மூச்சடைச்சு, ஆஸ்பத்திரியில போராடித்தான் காப்பாத்துனாங்க” என்றாள்.

சபிஹா உடனே கூப்பிட்டுப் பார்த்தாள். பிரிசில்லாவோ போனை எடுக்கவில்லை.

பக்ருதீன் வீட்டுக்குள் நுழைந்ததும் அழுதேவிட்டாள். “என்னங்க, அந்தப் பார்சலை எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்க! புள்ள உயிருக்கே ஆபத்து!”

அவர் தலையைச் சொறிந்தார். “திட்டாத சபிஹா. ருசி பாக்கலாம்னு ஒண்ணு எடுத்தேன். கடையில எல்லாருமா அம்புட்டையும் தின்னுட்டோம். பார்சல் போகவே இல்ல.”

“நெசமாவா?”

“ஒண்ணுகூட மிச்சமில்ல.”

“அல்லா காப்பாத்துனான்!” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் சபிஹா. “முறுக்கு சுடுறேன். இந்தவாட்டி கூரியருக்கு நானே போறேன்.”