அச்சில் வராத வரி

ஆமை அக்காவை வீட்டுக்கு அனுப்பறதுன்னு முடிவாயிடுச்சு. அதைச் சொல்ற பாவம் என் தலையில.

கணிதப் புத்தகங்களைக் கம்ப்யூட்டர்ல பக்கம் அமைச்சு அச்சுக்கு அனுப்பற ஆபீஸ் எங்களது. அந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பு. புயல்னு ஒருத்தன் இருக்கான், ஒரு நாளைக்கு இருபது பக்கம் முடிப்பான். அக்கா எட்டு, அதான் ஆமைன்னு பட்டப்பேர்.

புகார் கொடுத்தது மெய்ப்பு, அதாவது ப்ரூஃப், பார்க்கிற கழுகு சார். பத்து வருஷத்துல ஒரு புள்ளி அவர்கிட்டேருந்து தப்பினது கிடையாது. இப்பல்லாம் திருத்தத்தைத் தாள்ல எழுதக்கூட மாட்டார், போன்லயே கடகடன்னு சொல்லிடுவார். அவர் சொன்னா முதலாளிக்கு வேதவாக்கு.

அவருக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம் வேற. நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு தப்புக்காக எல்லார் எதிரிலயும் அக்காவைக் கிழிகிழின்னு கிழிச்சார். அன்னியிலேருந்து முகத்தைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவார். பேச்சுவார்த்தையே இல்ல.

"அக்கா, காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் எட்டுப் பக்கத்துல அப்படி என்னதான் பண்றீங்க?"

திரையைக் காட்டினாங்க. f(x+1).

"இது எஃப்பை அடைப்புக்குறியால பெருக்கறதா, இல்ல எஃப்ங்கற சார்பா, ஃபங்ஷனா? காகிதத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தம்பி தெரியும். அதான், இது இன்னதுன்னு ஃபைலுக்குள்ள குறிப்பு எழுதி வைக்கறேன். ஒவ்வொண்ணுக்கும்."

"அது அச்சுல வருமா?"

"வராது."

"அப்புறம் யாருக்கு?"

அக்கா அடுத்த பக்கத்தைத் திறந்தாங்க.

"புயலோட பக்கத்துக்கும் நான்தான் போடறேன். அதுலதான் பாதி நாள் போயிடுது. அவனுக்கே தெரியாது."

எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துது. "இதை யாருக்கா உங்களைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"வெள்ளிக்கிழமையோட நின்னுக்கங்க அக்கா. கழுகு சார் புகார் பண்ணிட்டார்."

"தெரியும்."

வீட்டுக்காரர் படுத்த படுக்கை. சம்பாத்தியம் அக்கா ஒருத்திதான். அதைச் சொல்லிக் கெஞ்சுவாங்கன்னு பார்த்தேன். கெஞ்சல.

"என் இடத்துக்கு யார் வந்தாலும் அந்தக் குறிப்பை மட்டும் விடாம போடச் சொல்லுங்க தம்பி." கண்ணு கலங்கியிருந்துது.

தினமும் நாலு மணிக்கு, முடிஞ்ச பக்கங்களைக் கழுகு சார் கம்ப்யூட்டருக்கு அனுப்பிட்டு, அச்செடுத்த தாளோட அவர் அறைக்குப் போறது என் வழக்கம். அன்னிக்கு அனுப்பறதுக்கு முன்னால, அப்படி என்னதான் எழுதியிருக்காங்கன்னு புயலோட ஃபைலைத் திறந்து பார்த்தேன்.

'எஃப் என்னும் சார்பு. பெருக்கல் அல்ல.'

'மேலே உள்ள சிறிய இரண்டு, அடுக்கு.'

வரிசையா இப்படியே போச்சு. நடுவுல திடீர்னு:

'மூணாவது படி பெயர்ந்து கிடக்கு. இடது ஓரமா இறங்குங்க.'

எந்தக் கணக்குல மாடிப்படி வருது? இன்னும் கீழே போனேன்.

'இதை அனுப்பறவர் இப்ப எழுந்து வருவார். விளக்கைப் போடுங்க.'

எனக்கு முதுகு ஜில்லுன்னு ஆயிடுச்சு. திரும்பிப் பார்த்தேன். பின்னால யாரும் இல்ல. அனுப்பறவன் நான்தானே!

அனுப்பினேன். எழுந்து போனேன். தாள்கட்டு கையில.

தாழ்வாரத்துக் கடைசி அறை. ஜன்னல் எப்பவும் சாத்தியேதான் இருக்கும். கதவுக்கு அடியில பொட்டு வெளிச்சம் இல்ல. உள்ளே ஒரு குரல். ஆண் குரலும் இல்ல, பெண் குரலும் இல்ல. மூச்சே விடாம பேசிக்கிட்டிருந்துது.

'...சிறிய இரண்டு, அடுக்கு. மூணாவது படி பெயர்ந்து கிடக்கு. இடது ஓரமா இறங்குங்க. இதை அனுப்பறவர் இப்ப எழுந்து வருவார். விளக்கைப் போடுங்க.'

டக்.

கதவுக்கு அடியில வெளிச்சம் வந்துது.

தட்டறதா, ஓடறதான்னு ஒரு நிமிஷம் தெரியல. தட்டினேன்.

"வாப்பா." கழுகு சார்தான். கண்ணாடி, சிவப்புப் பேனா, எதிர்ல தாள்கட்டு. எல்லாம் வழக்கம்போல. "ஆமையை அனுப்பியாச்சா?"

"வேலையை விட்டு அனுப்பற கடிதத்துல உங்க கையெழுத்து வேணும் சார்."

"கொடு. அவ போனா இங்கே ஒண்ணும் குடி முழுகிடாது. புயல் ஒருத்தன் போதும். சத்தமில்லாம ஒரு வேலை பண்ணிக்கிட்டிருக்கான், தங்கமான பையன்."

அந்தக் குறிப்பெல்லாம் புயல் எழுதறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்! கடிதத்தைச் சட்டைப் பைக்குள்ள வெச்சுட்டு, வேற ஒரு தாளை எடுத்து அவர் முன்னால வெச்சேன்.

"படிச்சுப் பாருங்க சார்."

கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டார். மேலேருந்து கீழே வரைக்கும் முகத்தை மெதுவா நகர்த்தினார்.

"ம். பிழை ஒண்ணும் இல்ல." விரலால தாளோட கீழ் ஓரத்தைத் தடவி, கையெழுத்துப் போட்டார்.

நான் வெச்சது வெறும் வெள்ளைத்தாள்.

என் இடத்துக்கு வந்து, கையெழுத்துக்கு மேல ரெண்டே வரி எழுதினேன். 'அவசரப்பட்டுப் புகார் செய்துவிட்டேன். அந்த அம்மாவே இருக்கட்டும்.' முதலாளி மறுபேச்சு பேசல.

"அக்கா, திங்கக்கிழமையும் வாங்க."

என் முகத்தைப் பார்த்ததுமே அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு. "வெளியில சொல்லிடாதீங்க தம்பி. கம்ப்யூட்டர் வாசிக்கறதைக் காதால கேட்டுத்தான் அவர் பிழை பிடிக்கறார்னு தெரிஞ்சா, அவரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"ரெண்டு வருஷம் முன்னால படியில எதிர்ல வந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் சிரிச்சுக்கிட்டே எனக்கு வணக்கம் சொன்னார் தம்பி. கண்ணு தெரிஞ்சிருந்தா, அந்த மனுஷன் எனக்குச் சொல்லுவாரா?"