கூழைக்கடாவுக்குப் பின்னால்

முல்லைத்தீவு ஸ்ரூடியோவில் துசியந்தனின் கணினித் திரை நிறைய ஒரு கூழைக்கடா நிற்கிறது. ஞாயிறுகளில் கடலோரக் களப்புக்குப் போய் அவன் எடுக்கும் பறவைப் படங்களில் ஒன்று. சொண்டு நுனியில் தொங்கும் நீர்த்துளிகூடத் தெளிவாய்த் தெரிகிறது. பின்னால், மங்கலாக, வலை வீசும் ஒருவர். அவர் கிறிஸ்தோப்பர், சென்ற மாதம் கடலில் இறந்தவர். கலியாண அல்பம் போர்க்கால இடப்பெயர்வில் போயிற்று. பிறகு எடுத்த படங்கள் இருந்த போனும் அவருடனேயே போயிற்று. நாளை முப்பத்தோராம் நாள் பூசைக்கு வைக்க ஒரு முகம் வேண்டும் என்று அவர் மனைவி புனிதம் கதிரை நுனியில் இருக்கிறார். "ஒவ்வொரு நாளும் இவரிட்டை மீன் களவெடுத்த கடா, தம்பி. கள்ளன்ரை மூஞ்சை மட்டும் வடிவாய் விழுந்திருக்கு." துசியந்தன் படத்தைத் துலக்குகிறான். இறகுகள் இன்னும் கூர்மையாகின்றன; முகம் அப்படியே கிடக்கிறது. கடைசியில் அதை மட்டும் வெட்டி ஏஐ செயலியிடம் கொடுக்கிறான். கண், மூக்கு, மீசை, வரிசையான வெள்ளைப் பற்கள் எல்லாம் வருகின்றன. புனிதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிகிறார். "வடிவான ஆள்தான். ஆர் தம்பி இது?" அவன் பழைய படத்தைத் திறக்கிறான். அவர் விரல் அந்த மங்கலைத் தொடுகிறது. "ஓம், இவர்தான். இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்கோ." அவன் பெருப்பிக்கிறான். கிட்ட வர வர, அந்த முகம் சதுரம் சதுரமாய் உடைந்து களப்புத் தண்ணீரின் நிறமாகிறது.