நாலு

மாலை வெயில் கண்ணாடிச் சுவரில் வழிகிறது. சல்சா நடன வகுப்பின் முதல் நாள். மூன்று அடி வைத்துவிட்டு, நாலாவது எண்ணில் காலும் வாயும் சும்மா இருக்க வேண்டும். அச்சகத்தில் தாள்களை நாலு நாலாக எண்ணியே நரைத்துப்போனவருக்கு அது மட்டும் வரவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு!" என்று உரக்கச் சொல்லிவிடுகிறார். "வந்துட்டாருய்யா மிஸ்டர் நாலு!" என்கிறார் பளபளக்கும் காலணிக்காரர், கண்ணாடியில் தன்னையே ரசித்தபடி. கூடம் கெக்கலிக்கிறது. ஆசிரியை கைதட்டி ஜோடி மாற்றும்போதெல்லாம், எதிரே வருகிறவர்கள் மை படிந்த அவர் விரல்களை நுனியால் தொட்டுவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்கிறார்கள். கடவுள் படைத்த இன்னொருவர் கையைப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு நளினம் ஒரு கேடா! ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். "என்கூட ஒரு பாட்டுக்கு ஆடுங்கப்பா" என்று கேட்டிருக்கிறாள். அதை மறந்து, அவர் கண் வாசலில் விட்ட செருப்பைத் தேடுகிறது. மறுபடி கைதட்டல். இம்முறை எதிரே வந்த, ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே இருந்த நர்ஸம்மா மை படிந்த அந்தக் கையை முழுசாகப் பிடிக்கிறார். "எங்க ஓடப் பாக்குறீங்கண்ணே? எண்ணுங்க." "வேணாம்மா, சிரிப்பாங்க." பாட்டு தொடங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் உதட்டைக் கடித்துக்கொள்கிறார். "நாலு!" என்கிறார் நர்ஸம்மா, கூடமே திரும்பிப் பார்க்கும்படி.