எட்டே எட்டு எண்

"முதல் ரேங்க் வாங்குற பொண்ணு ஃபெயில்! முட்டை வாங்குறவன் பாஸ்! எவனோ கம்ப்யூட்டர்ல புகுந்து எல்லா மார்க்கையும் மாத்தியிருக்கான். பாஸ்வேர்டை வெளியே சொன்னது யாரு?"

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரப் பள்ளியின் தலைமையாசிரியை பெர்லிட்டா மேசையை ஓங்கி அறைந்தார்.

"நான் சொல்லலை மேடம். அதை மாத்துங்கன்னு மூணு வருஷமா தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் கம்ப்யூட்டர் ஆசிரியர் ரோடெல்.

"எட்டே எட்டு எண். எனக்கு மறக்கக் கூடாதுன்னு நானே வெச்சது. என்னைத் தவிர உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். ராஜினாமா எழுதுங்க சார்!"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தார் ரோடெல்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க மேடம்."

பள்ளி வாசலில், போன வாரம் பெர்லிட்டாவே கூட நின்று கட்டவைத்த பேனர் காற்றில் ஆடியது. ஆளுயரச் சிரிப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துகள், மேடம் பெர்லிட்டா! 14-03-1965.'

"அந்த எட்டு எண்ணையும் தினமும் படிச்சுட்டுத்தான் பசங்க உள்ளேயே வர்றாங்க."

ரோடெல் ராஜினாமா கடிதத்தை மேசையில் வீசினார்.

"பேரை மட்டும் எழுதலை மேடம். நீங்களே போட்டுக்குங்க."